அன்னாள் ஒப்புக்கொண்ட குற்றம்

அன்னாளைப் பற்றி ஏலப்பாறையில் இரண்டு கதைகள் ஓடுகின்றன. லண்டனுக்குப் போய் ஒரு கிழவியின் இடுப்பை ஒடித்துவிட்டு வந்தவள் என்பது ஒன்று. எதையோ திருடி மாட்டிக்கொண்டு வந்தவள் என்பது இன்னொன்று. இரண்டும் சுத்தப் பொய். முதலில் அவள் லண்டனையே பார்த்ததில்லை. அவள் இருந்தது வடக்கே எங்கோ மழை விடாத ஒரு சின்ன ஊர். எங்கள் ஆட்களுக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான், என்ன செய்ய?

நான் முருகேஸ்வரி. மார்க்கெட் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். எஸ்டேட் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளை இங்கே லயம் என்போம். ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானுமாக வளர்ந்தோம். அவர்கள் வேதக்காரர்கள், நாங்கள் மாரியம்மன் கும்பிடுகிறவர்கள். சுவர் என்னவோ ஒன்றுதான். எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம் என்று ஊரில் பேர். இருந்துவிட்டுப் போகட்டும். அவளுக்கு வாயே இல்லாமல் போனதற்கு யாராவது ஒருத்தி பேசித்தானே ஆகவேண்டும்.

அன்னாளின் அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தவள். பிளஸ் டூ முடித்ததும் அன்னாளும் கொஞ்ச காலம் கூடை கட்டினாள். பிறகு ஜீப் ஓட்டும் வினோவைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை தங்கவில்லை. அந்தத் துக்கத்தில்தான் கட்டப்பனைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே போன பிறகு அவள் முகமே மாறிப்போனது. ஒரு கிழவரைக் கட்டிலில் திருப்பிப் படுக்கவைக்க வேண்டுமானால், முதலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, இப்போ திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் திருப்புவாள். காது கேட்காதவரிடமும் சொல்லுவாள். அவருக்குத்தான் கேட்காதே என்று நான் கேலி செய்தால், அவருக்குத் தெரியும் என்பாள். அப்படிப்பட்ட கை அவளுடையது. அந்தக் கையைப் பற்றித்தான் இன்று ஊர் பேசுகிறது.

ஜிஜி எங்கள் மேல்லயத்துப் பெண். அன்னாளின் சபைக்காரி. முதலில் இங்கிலாந்துக்குப் போனவள் அவள்தான். மகளோடு அவள் கிளம்புமுன் ஊரில் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அன்னாள்தான் ஞானத்தாயாக நின்றாள். தனக்குப் பிள்ளையில்லாத குறைக்கு அந்தக் குழந்தையைத் தன்னுடையதாகவே நினைத்தாள். ஜிஜி வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் ஆள் தேவைப்பட்டபோது, நீ வா, நான் இருக்கிறேன் என்று கூப்பிட்டாள். அன்னாள் போனாள். வினோ அதைப் பெருமையாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மேலே போகுமுன் எங்கள் எஸ்டேட் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது தெரியாவிட்டால் அன்னாள் செய்தது யாருக்கும் விளங்காது. முற்றிய இலையைக் கிள்ளிப் போட்டால், விறகுக்குக் கிளை வெட்டினால், சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசினால், ஆபீசுக்குக் கூப்பிட்டு சார்ஜ் ஷீட் கொடுப்பார்கள். நான் செய்யவில்லை என்று நின்றால் விசாரணை நடக்கும், சாட்சி வரும், யூனியன் வரும், இழுத்தடிப்பார்கள். செய்துவிட்டேன், மாப்புக் கொடுங்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் மறுநாள் காலை வேலைக்கு ஆள் எடுக்கும் மஸ்டரில் பேர் கூப்பிடுவார்கள். ஆகவே செய்தவளும் மாப்பு எழுதுவாள், செய்யாதவளும் எழுதுவாள். பக்கத்து நிரையில் பறிக்கிறவள் பிள்ளைத்தாய்ச்சி என்றால் அவள் செய்த தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் பொம்பளைகளும் உண்டு. அன்னாளின் அம்மா அப்படிப் போட்டுக்கொண்டவள். லயத்தில் அதற்காக அவளைக் கும்பிட்டார்கள்.

கோர்ட்டு என்றாலும் எங்களுக்கு அதே கணக்குத்தான். ஹெல்மெட் போடாமல் மாட்டிய பையன்கள் பீர்மேடு கோர்ட்டில் வரிசையாக நின்று, ஆமாம் சார் என்று சொல்லி, அபராதம் கட்டிவிட்டு, வெளியே வந்து டீ குடிப்பார்கள். பெட்டிக்கேஸ் என்பார்கள். ஒத்துக்கொண்டால் முடிந்தது. இதைத் தாண்டி எங்களில் யாருக்கு என்ன தெரியும்?

இனி அங்கே நடந்தது. அந்த இல்லத்தில் கீழ்த்தளம், மேல்மாடி என்று இரண்டு பிரிவு. ஒருநாள் இரவு வேலையில் அன்னாளுக்குக் கீழ்த்தளம், ஜிஜிக்கு மேல்மாடி என்று போட்டிருந்தார்கள். ஜிஜி மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்டாள். காரணம், அவள் யாருக்கும் தெரியாமல் வேறொரு இல்லத்திலும் அதிகாலை வேலை பார்த்துவந்தாள். விசாவில் அனுமதித்த அளவுக்கு மேல் வேலை. கீழே இருந்தால் பின்வாசல் வழியாகச் சீக்கிரம் நழுவிவிடலாம். கொழுந்துக்காட்டில் நிரை மாற்றிக்கொள்ளும் பழக்கத்தில் அன்னாள் சரி என்று மேலே போய்விட்டாள். மேலாளரிடம் யாரும் சொல்லவில்லை.

கீழே டாரத்தி என்று ஒரு மூதாட்டி. ஞாபகம் போய்விட்டவர். அவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்பது அங்கே சட்டம். ஜிஜி அவசரத்தில் தனியாகத் தூக்கியிருக்கிறாள். அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஜிஜி அவரைக் கட்டிலில் ஏற்றிப் போர்த்திவிட்டு, யாரிடமும் மூச்சுக் காட்டாமல் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். விடிந்து கீழே இறங்கிய அன்னாள்தான் முனகலைக் கேட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். எலும்பு உடைந்து பல மணி நேரம் ஆகிவிட்டது என்றார் டாக்டர். டாரத்தி பிழைத்துக்கொண்டார், ஆனால் யார் தூக்கியது என்று அவரால் சொல்ல முடியவில்லை. கீழ்த்தளத்துக்குப் போடப்பட்டிருந்த பெயர் அன்னாள். சில நாள் கழித்துப் போலீஸ் அவளை விசாரணைக்குக் கூப்பிட்டது.

அவள் போவதற்கு முந்தின இரவு ஜிஜி அவள் அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்தப் பேச்சை அன்னாள் என்னிடம் அப்படியே சொல்லியிருக்கிறாள்.

"ஏட்டி அன்னா, நம்ம மாத்திக்கிட்டத நீ சொன்னா, நான் வேற எடத்துக்குப் போறதும் தெரிஞ்சுரும். என்னையும் பிள்ளையையும் பிளேன் ஏத்தி விட்டுருவாங்க. நீ ஒத்துக்கிட்டா சாரமில்ல, ஒண்ணும் ஆகாது, ஒரு வார்னிங் குடுத்து விட்டுருவாங்க. நம்ம மாப்பு எழுதுற மாதிரிதான். உனக்கென்ன, பிள்ளையா குட்டியா?"

பிள்ளையா குட்டியா! தன் பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்றவளிடம் கேட்கிற கேள்வியா இது? நானாக இருந்தால் அங்கேயே செருப்பைக் கழற்றியிருப்பேன். அன்னாள் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். போலீஸ் கேட்டபோது, கீழே இருந்தது நான்தான் என்றாள். வழக்குப் பதிந்தார்கள், கோர்ட்டில் தேதி கொடுத்தார்கள்.

அந்த நாட்டில் குற்றங்களை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இதை அவளுக்கு அங்கே வக்கீல் விளக்கினார், அவள் எனக்கு விளக்கினாள். சின்னக் குற்றங்கள் முதல் வகை. அவை மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே தொடங்கி அங்கேயே முடியும். கொலை மாதிரிப் பெரிய குற்றங்கள் இன்னொரு வகை. அவையும் முதலில் அங்கே எட்டிப் பார்க்கும், ஆனால் உடனே மேல் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நடுவில் ஒரு வகை இருக்கிறது, இரண்டு பக்கமும் போகக்கூடியது. திருட்டு அதில் வரும். பராமரிக்க வேண்டியவரை வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டது என்று அன்னாள் மேல் போட்டார்களே, அந்தக் குற்றமும் அதில்தான் வரும்.

இந்த நடுவகையில் முதலில் ஒரே ஒரு கேள்விதான். செய்தாயா, இல்லையா? இல்லை என்றால், வழக்கைத் தாங்களே நடத்தலாமா, மேலே அனுப்ப வேண்டுமா என்று மாஜிஸ்திரேட்டுகள் யோசிப்பார்கள். நாங்களே நடத்துகிறோம் என்று அவர்கள் சொன்னாலும், எனக்கு மேல் கோர்ட்டுதான் வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அங்கே ஊர்ப் பொதுமக்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்பார்கள். சாட்சி சொன்னவர்கள் கூண்டில் ஏற வேண்டும். அவர்களை நம் வக்கீல் குடைந்து குடைந்து கேட்பார். ஆமாம், செய்தேன் என்று சொல்லிவிட்டால் இதில் எதுவுமே கிடையாது. சாட்சி வரமாட்டார், கேள்வி கிடையாது, தண்டனை மட்டும்தான் பாக்கி.

அந்த வக்கீல் நல்ல மனுஷன் என்றுதான் அன்னாள் இன்றைக்கும் சொல்கிறாள். அவர் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். மொழிபெயர்க்க வந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. "நீங்கள் செய்யேல்லையெண்டால் செய்தனான் எண்டு சொல்லவேண்டாம் எண்டு அவர் சொல்லுறார் அம்மா" என்று அவர் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். அன்னாளின் மனதில் அந்தக் குழந்தை முகம்தான். நான்தான் செய்தேன் என்று வக்கீலிடமும் சொன்னாள்.

கோர்ட்டில் மேடையில் மூன்று பேர். சம்பளம் வாங்காமல் வந்து உட்காரும் சாதாரண மனிதர்கள்தான் அங்கே மாஜிஸ்திரேட்டுகளாம். அவர்களுக்குச் சட்டம் எடுத்துச் சொல்ல ஒருவர் கீழே இருந்தார். அவர் எழுந்து குற்றத்தை வாசித்தார். கில்டியா, நாட் கில்டியா என்று கேட்டார். அன்னாள் கில்டி என்றாள். ஆபீசில் மாப்பு எழுதிவிட்டு வெளியே வரும்போது வருமே ஒரு நிம்மதி, அது அப்போது தனக்கு வந்தது என்றாள் என்னிடம்.

அந்த நிம்மதி உட்காருவதற்குள் போய்விட்டது. அவள் ஒப்புக்கொண்ட பிறகு அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து நடந்ததை மூவருக்கும் சுருக்கமாகச் சொல்லத் தொடங்கினார். நடுவில் ஜிஜியின் பெயர் வந்தது. ஜிஜி போலீசில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள் என்பதே அன்னாளுக்கு அப்போதுதான் தெரியும். யாழ்ப்பாணத்து அம்மா அதைக் காதருகே தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார்.

"அன்னாள் வேலையில கவனமில்லாத ஆள். தனியத் தூக்காதை எண்டு நான் எத்தினையோ தரம் சொன்னனான். அண்டைக்கும் கீழ நிண்டது அவதான் எண்டு உங்கட சிநேகிதி சொல்லியிருக்கிறா."

எந்தத் தேதியில் சொன்னாள் என்பதையும் அந்த வக்கீல் வாசித்தார். டாரத்தி விழுந்த மறுநாள். அதாவது, அன்னாளின் அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்து அழுவதற்கு முன்னாலேயே ஜிஜி போய்ப் போட்டுக்கொடுத்துவிட்டாள். பிறகுதான் வந்து அழுதிருக்கிறாள். கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் அழுதாள் என்றால்கூட மனசு கொஞ்சம் இறங்கும். அன்னாள் மறுத்தால் சாட்சியாகத் தானே கூண்டில் ஏறிப் பதில் சொல்லவேண்டும் என்பதற்காக அழுதாள். நாசமாய்ப் போனவள்.

அன்னாள் அன்றைக்கே வக்கீலிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். தண்டனை சொல்லுமுன் பதிலை மாற்றக் கேட்கலாம், ஆனால் சுலபமில்லை, முன்பு அவளிடம் பேசியதற்குத் தானே சாட்சியாக வேண்டிவரும் என்பதால் இனி அவளுக்காக ஆஜராகவும் முடியாது என்று சொல்லி வேறொரு வக்கீலை ஏற்பாடு செய்தார். மனு போட்டார்கள். மாஜிஸ்திரேட்டுகள் கேட்டார்கள். உனக்குக் கேள்வி புரிந்தது, வக்கீல் விளக்கினார், மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்தார், நீ தெளிவாகப் பதில் சொன்னாய், ஆகவே மாற்ற முடியாது என்று முடித்துவிட்டார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள். முதலிலேயே ஒத்துக்கொண்டதற்காகத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தார்களாம். என்ன தாராளம் பாருங்கள்! ஜெயில் தண்டனையை நிறுத்திவைத்து வெளியே விட்டார்கள். ஆனால் வயதானவர்களைத் தொடும் வேலை இனி அந்த நாட்டில் அவளுக்குக் கிடையாது. வேலை போனது, வேலையோடு விசாவும் போனது. ஜிஜி கோர்ட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை.

அன்னாள் ஊருக்கு வந்த அன்று நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். வினோவை உட்காரவைத்து ஒன்று விடாமல் சொன்னாள். அவன் அவள் தலையைத் தடவி, நீ செஞ்சிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா என்றான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடினாள். மழைக்காலம் முழுக்கத் தற்காலிக ஆளாகக் கொழுந்து பறிக்கப் போனாள். விரல் பழையபடி கறுத்துப்போனது.

கட்டப்பனை இல்லத்துக்கு மறுபடி போய்க் கேட்டாள். அங்கே பொறுப்பிலிருக்கும் மதர் அவளை மறக்கவில்லை. ஆனாலும் கோர்ட்டில் ஒப்புக்கொண்ட ஒருத்தியை வைத்துக்கொண்டால் நாளைக்கு யாராவது கேட்பார்களே என்று தயங்கினார். அன்றைக்கு அங்கே கூட வேலை பார்த்தவர் யாராவது என்னிடம் பேசி, இவள் செய்யவில்லை என்று சொல்லட்டும், அது போதும், எடுத்துக்கொள்கிறேன் என்றார். கூட வேலை பார்த்தது யார்? ஒரே ஒருத்திதான். அவளுக்குப் போன் போட்டால் எடுக்கவேயில்லை.

போன மாதம் ஜிஜியே வந்தாள். அண்ணன் கல்யாணத்துக்கு விடுமுறையில் வந்தவள் அன்னாள் வீட்டுக்கும் வந்தாள். அவளைக் கூப்பிட்டதே வினோதான் என்று பிறகு தெரிந்தது. வினோவின் தங்கை ரிஞ்சு நர்சிங் படித்து முடித்திருந்தாள். அவளுக்கு இங்கிலாந்தில் ஒரு வேலை ஜிஜி பார்த்துத் தருவதாகப் பேச்சு. அன்னாள் எனக்குப் போன் செய்து, நீ வந்து என் பக்கத்தில் உட்கார் என்றாள். எஸ்டேட் விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவள் தன்னோடு ஒரு தொழிலாளியை உட்காரவைத்துக்கொள்ளலாம். கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன்.

ஜிஜி சாக்லேட் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். ரிஞ்சு டீ கொண்டுவந்து வைத்தாள். வினோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அன்னாள் குழந்தை சௌக்கியமா என்று விசாரித்தாள். அதிலும் அவளுக்கு நடிப்பில்லை, உண்மையாகவே கேட்டாள். பிறகு தன் போனை எடுத்து ஜிஜியின் முன் வைத்தாள்.

"ஜிஜி, உன்ன போலீசுல சொல்லச் சொல்லல. அந்த நாட்டுல இனி ஒண்ணும் மாறாதுன்னு எனக்குத் தெரியும். கட்டப்பனை மதர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லு. அன்னைக்குக் கீழ நின்னது நீன்னுகூடச் சொல்ல வேண்டாம். நான் இல்லன்னு மட்டும் சொல்லு. எனக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கும்."

இதைவிடக் குறைவாக ஒருத்தியிடம் எதைக் கேட்க முடியும்? ஜிஜி டீயைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"அன்னா, நான் எப்படிச் சொல்ல? நீதான கோர்ட்டுல நின்னு கில்டின்னு சொன்ன. கோர்ட்டு எழுதி முடிச்சத நான் மாத்திச் சொன்னா எனக்குப் பொய்க் கேஸ் ஆயிரும். உனக்கு மனசு சரியில்ல. நான் ஜெபம் பண்ணிக்கறேன்."

அடிப்பாவி, நீ அழுது வாங்கின வார்த்தையை வைத்தே அவளை அடிக்கிறாயா என்று எழுந்துவிட்டேன். அன்னாள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவள் ஜிஜியைப் பார்க்கவில்லை, வினோவைப் பார்த்தாள். ஜிஜியையும் என்னையும் விட்டால் எல்லாம் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தானே. நீங்கள் சொல்லுங்கள் என்பதுபோல அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வினோ தொண்டையைக் கனைத்தான். ரிஞ்சுவை ஒருதரம் பார்த்தான். பிறகு அன்னாளிடம் கேட்டான்.

"அவ சொல்றதும் நியாயம்தான அன்னா? செய்யலன்னா ஏன் செஞ்சேன்னு சொன்ன?"

ஜிஜி நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். அவளைக் கொண்டுபோய் விட வினோவே ஜீப்பை எடுத்தான். ரிஞ்சுவும் பின்னால் ஏறிக்கொண்டாள். வண்டி வளைவில் இறங்கும் வரை அன்னாள் வாசலில் நின்றாள். நான் ஜிஜியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன், அழுதுகொண்டும் இருந்தேன். அவள் அழவில்லை.

"அவளத் திட்டாத முருகேஸ்வரி" என்றாள். "அவ பயந்து செஞ்சா. இந்த மனுஷனுக்கு என்ன பயம்? எல்லாம் தெரிஞ்சுதான் கேட்டாரு. தங்கச்சி அங்க போகணும். அதுக்கு நான் குத்தவாளியாவே இருக்கணும்."